ஃபயர்மேன் சேஷு ஊட்டிய தயிர்சாதம்

சேஷு தயிர்சாதத்தை வடிகட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அகலமான கைகள், இடது மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. ஒரு பருக்கைகூட முழுசாக இறங்க விடவில்லை.

எழுபத்தைந்து வயதுக்காரர். மைசூர் விஜயநகரில் அவரும் மனைவி பாலாம்பாளும் மட்டும்தான். பக்கவாதத்துக்குப் பிறகு பாலாம்பாளுக்கு விழுங்குவது சிரமம். சாப்பாடு ஒழுங்காக இறங்காவிட்டால் மூக்கு வழியாக டியூப் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. டியூப் பாக்கெட்டும் வாங்கி அலமாரியில் தயாராக வைத்திருந்தார்கள். பாலாம்பாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். வாய்வழியாகவே ஊட்டிச் சமாளிக்க முடியுமா என்று பார்க்கத்தான் நர்ஸான நான் போனேன்.

அரை ஸ்பூன் கொடுத்தார். காத்திருந்தார். இன்னொரு அரை ஸ்பூன். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"கரி அள்ளற ஷவல்லேர்ந்து வந்தது, சிஸ்டர். நான் நீராவி இஞ்சின்ல ஃபயர்மேன். கரியை ஒரேயடியாக் கொட்டினா புகைதான் வரும். கொஞ்சம் கொஞ்சமா, விடாமப் போடணும்."

"நான் என்ன இஞ்சினா?" என்று குழறினார் பாலாம்பாள்.

"இஞ்சின் எதிர்த்துப் பேசாதே!"

பாலாம்பாள் சிரித்தார்; உடனே புரையேறியது. தலையணையில் தலையை அண்ணாந்தபடி வைத்து ஊட்டியதுதான் தவறு. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைத் தாழ்த்தச் சொன்னேன். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு "ஆ" சொல்லவேண்டும். குரல் தெளிவாக வந்தால்தான் அடுத்த வாய், கரகரத்தால் நிறுத்திவிட வேண்டும் என்றேன்.

"அட, இது சிக்னல் கூப்பிடறதேதான்!" என்றார் சேஷு.

எஞ்சினில் டிரைவர் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொல்வார். ஃபயர்மேனும் தன் கண்ணால் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒருவர் தவறினால் மற்றவர் பிடித்துவிடுவார்.

மைசூரில் நீராவி எஞ்சின்களை நிறுத்தியபோது அவருடைய கூட்டாளிகள் சிலர் வேலையே போதும் என்று போய்விட்டார்களாம். சேஷு டீசல் பயிற்சிக்குப் போனார். அதில் கரி போடும் வேலை இல்லை. சிக்னல் கூப்பிடுவது மட்டும் அப்படியே இருந்தது. ஓய்வு பெறும்வரை கூப்பிட்டார். இன்று உலகத்தில் மிச்சமிருக்கும் நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை சுற்றுலாக்காரர்களுக்காகத்தான் ஓடுகின்றன. ஸ்டேஷன் பக்கத்து ரயில் மியூசியத்துக்காவது போவீர்களா என்று கேட்டேன்.

"பசிக்காத இஞ்சினைப் பார்த்து என்ன பண்றது, சிஸ்டர்?"

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் மறுபடி ஊட்டினார். "முழுங்கியாச்சா, பாலா?" "ஆ." "ரைட்." கிண்ணம் காலியாக நெடுநேரம் ஆனது. பாலாம்பாள் ஒரு தடவைகூட இருமவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நான் பழக்கிவிட்ட பெண்களில் பலருக்கு இந்த நிதானம் கடைசிவரை வரவில்லை.

மறுநாள் காலை டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். பாலாம்பாள் ஒவ்வொரு வாய்க்கும் "ஆ" சொன்னார். கடைசி வாய்க்கு, சேஷு வாயைத் திறக்கும் முன்பே "ரைட்" என்றும் சொல்லிவிட்டார். இப்போதைக்கு டியூப் வேண்டாம் என்றார் டாக்டர். சேஷு வடிகட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மத்தியானத்துக்கு அரிசி களைய உட்கார்ந்தார். நான் அந்தப் பிரிக்காத பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.