நாடா வைத்த மடிசார்

லேடீஸ் டெய்லர் வேலையில் துணி நம்முடையதில்லை, அளவு நம்முடையதில்லை, தப்பு மட்டும் நம்முடையது. எழுபதுகளின் ஆரம்பத்தில், மயிலாப்பூர்க் கடை ஒன்றில் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த எனக்கு, என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு யோசனை வந்தது. அதை விற்பதா, அதை நம்பிச் சொந்தக் கடை போடுவதா என்று நான் பட்ட பாடு, இப்படித் தவித்த உங்களுக்கெல்லாம் புரியும்.

வாங்கிக்கொண்ட சத்தியம்

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மாமி கண் கலங்கி வந்து நின்றார். பெண் பேங்கில் வேலை பார்க்கிறவள். ஒன்பது கஜம் கட்டிப் பழக்கமில்லை. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, இரண்டு அடி வைப்பதற்குள் எல்லாம் அவிழ்ந்து விழுந்துவிட்டதாம். நான் புடவையை வீட்டுக்குக் கொண்டுபோய், பயந்துகொண்டே வெட்டி, கொசுவத்தையும் பின்கச்சத்தையும் தைத்து, இடுப்புக்கு நாடா வைத்தேன். காலை விட்டு ஏற்றி முடிச்சுப் போட்டால் மடிசார் தயார்.

கல்யாணம் முடிந்து மாமி வெற்றிலை பாக்கோடு வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கல்யாணம் திவ்யமா நடந்துது. ஆனா இதைப் பத்தி வெளியில மூச்சு விட்டுடாதீங்கோ. தைச்ச துணி மடியாகாது. தெரிஞ்சிருந்தா சாஸ்திரிகள் மணையிலயே உட்கார விட்டிருக்க மாட்டார்!"

அதே மாமி பிறகு, கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்த மூன்று உறவுக்காரர்களை அழைத்து வந்தார். அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தேன். மூவரும் அதே சத்தியத்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பத்து ஊசி

எனக்கு அவசரம் இருந்தது. கண் மங்கிக்கொண்டே வந்தது, கண்ணாடி போட்டும் தேறவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, என் மனைவி தினமும் காலையில் கைத்தையலுக்குப் பத்து ஊசியில் நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியில் குத்திக் கொடுத்தனுப்புவாள். சொந்தக் கடை என்றால் நான் வெட்டிக் கொடுத்து, தைக்க ஆள் வைத்துக்கொள்ளலாம். நான் யோசித்தேன், யோசித்தேன், ஒரு வருஷம் யோசித்தேன். ஒருநாள் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"விக்கிறதுன்னா வித்துட்டு வா, வைக்கிறதுன்னா கடைய வை. கோத்துக் கோத்து எனக்கே கண்ணு போய்டும் போலகீதுய்யா!"

சாட்சி

தி.நகரில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடை. அண்ணாச்சி நாடாவை இழுத்துப் பார்த்தார், கச்சத்தைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. "சோலி நல்லாத்தான் இருக்கு, டெய்லரே. உடுத்துனவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாரும். அவங்க வாயால சொல்லட்டும். யோசனையையும் எடுத்துக்கிடுதேன், உமக்கும் இங்க ஒரு இடம் போட்டுத் தாரேன்."

மாமியும் அந்த மூன்று உறவுக்காரர்களும் முடியவே முடியாது என்றுவிட்டார்கள். முதலில் உடுத்திய அந்தப் பேங்க் பெண்ணைத் தேடி அடையாறுக்குப் போனேன். அளவு பார்க்க வந்தபோது, "என் மானத்தைக் காப்பாத்தினேள்" என்று சிரித்தவள் அவள். கதவைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. உள்ளேயிருந்து மாமியார், "யாருடி அது?" என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்: "தெரியலைம்மா. வேற யாராத்துக்கோ போக வேண்டியவர், மாறி வந்துட்டார் போலிருக்கு."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பலகை

சரி, சொந்தக் கடையே போடுவோம் என்று வீம்பு வந்தது. முதலாளியிடம் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு, ஒரு சந்தில் அறை பார்த்தேன். பலகை எழுத, கோடம்பாக்கத்தில் சினிமா பேனர் வரைகிற ஆள் தூரிகையோடு வந்து உட்கார்ந்தான். "இன்னான்னு எழுதணும்?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'தைத்த மடிசார்' என்று எழுதினால், அந்தப் படியில் ஏற எந்த மாமிக்குத் தைரியம் வரும்? எழுதாவிட்டால், நாலு டெய்லர் இருக்கிற தெருவில் கண் தெரியாத ஐந்தாவது டெய்லர் நான். இதை அவனிடம் சொன்னேன். அவன் தூரிகையைத் துடைத்துவிட்டான்.

"எழுதினா வரமாட்டாங்கோ, எழுதாட்டி தெரியாதுன்றே. அப்ப போர்டு இன்னாத்துக்கு நைனா? கடையே இன்னாத்துக்கு?"

பழைய கடைக்கே திரும்பினேன். என் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். முதலாளி நல்லவர், விரட்டவில்லை. நாள் முழுக்க ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும் ஊசி வேலையைக் கொடுத்தார்: "உட்கார்ந்தே செய்யலாம்ப்பா, உனக்குச் சிரமமிருக்காது."

என் யோசனையைக் கட்டிக்கொண்டு நாலு பெண்கள் மணையேறிவிட்டார்கள், யோசனைக்குத்தான் கடைசிவரை நல்ல இடமாக ஒன்று அமையவில்லை.