கறுப்பு பானெட்டில் ஒரு சிவப்புக் கோடு

இன்றும் ஒரு புது மெஷினுக்கு யாராவது சந்தனம் வைப்பதைப் பார்த்தால், போய்த் துடைத்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரக்கும். சாமி மேல் எனக்குக் கோபம் கிடையாது. சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு தன் தப்பை அடுத்தவள் தலையில் இறக்கி வைக்கிறவர்கள் மேல்தான். அந்தக் கோபம் தணிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் ஒரு ஃபைபர் ஷெட்டில் வேலை பார்த்தேன். வேனுக்கு பம்பர், ஜீப்புக்குக் கூரை, மினி பஸ்ஸுக்கு முகப்பு எல்லாம் அங்கே கண்ணாடி நாரில் செய்வோம். அச்சுக்கு மெழுகு தேய்த்து, அதன் மேல் நார்த்துணி விரித்து, பிரஷ்ஷால் ரெசின் பூசி, இறுகியதும் கழற்றுவோம். அதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் இருந்தவள் நான். புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை ஓர் இழை விலகாமல் வெட்டி மடித்துப் பழகிய கை. அதைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டு வெட்டும் மேசையில் நிறுத்தினார். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண்.

அந்த மேசை எனக்குச் சின்ன விஷயமல்ல. மேசையை விட்டால் அங்கே இருந்த இன்னொரு வேலை, காய்ந்த பாகங்களின் ஓரத்தைக் கிரைண்டரில் தேய்ப்பது. அந்தத் தூள் பட்டால் உடம்பு முழுக்க அரிக்கும். குளித்தாலும் போகாது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால் பிள்ளைக்கும் அரிக்கும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மேசையில் இருக்கிறவரைக்கும் அவளை நான் பயமில்லாமல் தூக்கலாம்.

ஒருநாள் மில்லுக்காரர் வீட்டுப் பையன் ஒருவர் வந்தார். கார் பந்தயப் பைத்தியம். கையில் ஒரு சுருள் கறுப்புத் துணி. கோரைப்பாய் முடைந்ததுபோலச் சாய்வாக வரி ஓடியது. கார்பன் ஃபைபராம். அதில் பானெட் செய்தால் இரும்பு பானெட்டில் பாதி எடைகூட வராதாம். கொண்டுவந்த துணி ஒரு பானெட்டுக்குத்தான் காணும். கெட்டுப்போனால் வெளிநாட்டிலிருந்து மறுபடி வரவேண்டும்.

பிரஷ்ஷால் பூசக்கூடாது என்று அவர் கொண்டுவந்த ஜெராக்ஸ் தாள்களில் போட்டிருந்தது. துணியை உலர்வாக அச்சில் விரிக்க வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நாலு ஓரத்தையும் பசை நாடாவால் அச்சோடு ஒட்டி அடைக்க வேண்டும். உள்ளே இருக்கிற காற்றை மெஷின் வைத்து உறிஞ்சிவிட்டால், மறுபக்கத்துக் குழாய் வழியாக ரெசின் தானாகவே ஓடிவந்து துணியெல்லாம் நனைக்கும். காற்றை உறிஞ்ச எங்கள் ஷெட் மேஸ்திரி ஒரு பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைப் பிடித்தார். குழாய்க்குக் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப். ரெசின் பரவுவதற்குத் துணி மேல் விரிக்கக் கொசுவலை. மிச்ச ரெசின் மெஷினுக்குள் போகாமல் விழுவதற்கு நடுவில் ஒரு பிரஷர் குக்கர். ஓரத்துக்கு, கார் கண்ணாடி ஒட்டுகிற கறுப்புப் பசை நாடா. கண்ணாடி நாரை வைத்துச் சின்னச் சின்னத் தகடுகளில் மூன்று முறை செய்து பார்த்தோம், நன்றாக வந்தது. மூன்று முறையும் நாடா ஒட்டியது நான். ஒட்டுவதற்கு முன் ஓரத்தைத் தின்னரால் துடைப்பேன். ஒட்டியபின் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் குழாயில் மாட்டிய காற்று மீட்டரின் முள்ளைப் பார்ப்பேன். முள் இறங்கினால் எங்கேயோ காற்று புகுகிறது என்று அர்த்தம்.

பானெட்டுக்கு முதலாளி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். பூஜை போட்டுவிட்டுத்தான் ஆரம்பம். வியாழக்கிழமை நான் துணியை வெட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் வரும்போதே எனக்கு வந்துவிட்டது. இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். மேஸ்திரியிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, நான் வீட்டுக்குத் தூரம். பூஜை முடியிற வர வெளிய நிக்கேன்."

ஒரு வருடத்துக்கு மேலாக மாதா மாதம் இதே நாட்களில் அங்கே துணி வெட்டியிருக்கிறேன். பம்பருக்கும் ஜீப் கூரைக்கும் எந்தத் தீட்டும் ஒட்டவில்லை, ஒருத்தரும் கேட்டதில்லை. பூஜை என்பதால் மரியாதைக்குச் சொன்னேன். மேஸ்திரி போய் முதலாளியிடம் சொல்ல, அவர் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு முழுக்க வெளியவே இரும்மா. உள்ள வந்துராத" என்றார்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது, எல்லாம் தெரிந்தது. முதலாளி சூடம் காட்டிவிட்டு, அச்சின் நாலு மூலையிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, ஒவ்வொரு சந்தனத்தின் நடுவிலும் குங்குமம் வைத்தார். மூலை என்றால் நாடா ஒட்டுகிற ஓரத்திலேயே. மேஸ்திரி துணியை விரித்துவிட்டு, சாமிக்கு வைத்ததைத் துடைக்க மனசில்லாமல் அதன் மேலேயே நாடாவை ஒட்டினார். காய்ந்த சந்தனம் வெறும் மாவு. மாவின் மேல் எந்தப் பசை நிற்கும்?

"அண்ணாச்சி, அந்த ஓரத்தத் தொடைங்க" என்று தொட்டியடியிலிருந்து கத்தினேன். கேட்டாரோ இல்லையோ. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது என்று முதலாளி பறந்துகொண்டிருந்தார். முள்ளைப் பார்க்க அரை மணி நேரம் நின்றால் ராகு காலம் வந்துவிடும். அதனால் முள்ளைப் பார்க்கவே இல்லை. ரெசின் குழாயைத் திறந்துவிட்டார்கள். செத்த நேரத்தில் கம்ப்ரசர் சத்தம் மாறியது. குக்கருக்குப் போகிற டியூபில் நுரை நுரையாக ஓடியது.

"காத்து இழுக்குது மொதலாளி. எடது மூலையில."

"நீ சும்மா இரு" என்றார் அவர்.

மறுநாள் கழற்றினால், இடது மூலையிலிருந்து பாதி பானெட் வரைக்கும் ரெசின் ஏறாமல் வெளுத்து, பொரிந்துபோயிருந்தது. வெளிநாட்டுத் துணி குப்பைக்குப் போனது. முதலாளி மில்வீட்டுப் பையனிடம் தெலுங்கில் பேசினார், எனக்குப் புரியாதென்று நினைத்துக்கொண்டு. ராஜபாளையத்தில் பிழைக்கிற யாருக்குத் தெலுங்கு புரியாது? 'முட்டு' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. தூரத்துக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை அது. முந்தின நாள் துணி வெட்டியது நான் என்றும், அப்போதே தீட்டாக இருந்திருப்பேன் என்றும் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஷெட்டுக்குப் பின்னால் தூக்கிப் போட்டிருந்த பானெட்டைப் போய்ப் பார்த்தேன். இடது மூலையில், சந்தனம் வைத்த அதே இடத்திலிருந்து, ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்புக் கோடு உள்ளே ஓடியிருந்தது. காற்று புகுந்தபோது குங்குமத்தையும் சேர்த்து இழுத்திருக்கிறது. ரெசின் அதை அப்படியே பிடித்து இறுகிவிட்டது. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறியது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"செவப்பப் பாத்தியா? கடவுளே காட்டிக் குடுத்துட்டாரு."

தன் கையால் வைத்த குங்குமத்தை என் ரத்தம் என்று நினைக்கிற ஒரு மனிதனிடம் என்ன பேசுவது? "மொதலாளி, அது நீங்க வச்ச குங்குமம்" என்றேன். "சாமி காரியத்துல எதுத்துப் பேசாத" என்றார். திங்கட்கிழமை என்னைக் கிரைண்டருக்கு அனுப்பிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இரண்டு மாதம் தேய்த்தேன். கழுத்து, முழங்கை, விரலிடுக்கு எங்கும் தடிப்பு. வீட்டுக்குப் போனதும் மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். "இரு, இரு" என்று நான் பின்னால் நகர்வேன். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு நாளும் முதலாளியின் கும்பிட்ட கை ஞாபகம் வரும்.

இரண்டாவது சுருள் வந்தது. இதுவும் போனால் வேலையைக் கோயம்புத்தூரில் கொடுத்துவிடுவேன் என்று மில்வீட்டுப் பையன் சொல்லிவிட்டார். மேஸ்திரி ஒரு பழைய துணியை வைத்துப் பழகிப் பார்த்தார். அச்சின் வளைவில் இழுத்ததும் வரியெல்லாம் கோணிக்கொண்டது. போன தடவையும் அப்படித்தான் கோணியது, வெளுப்பில் யாரும் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ஏத்தா, நீதான் விரிக்கணும். மொதலாளி கேக்கச் சொன்னாவ. ஒனக்கு இப்ப ஒண்ணும் இல்லையே?"

முந்தின நாள்தான் வந்திருந்தது. என் நாட்கள் அவர்களுடைய பஞ்சாங்கத்தை எப்படியோ தேடிப் பிடித்துவிடும். அவர் கண்ணைப் பார்த்து, "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றேன். உண்மை சொன்னவளுக்குக் கிடைத்த பரிசு உடம்பெல்லாம் தடிப்பாக இருந்தபோது, பொய் சொல்ல எனக்குக் கூசவில்லை.

இந்த முறை பூஜை இன்னும் பலம். எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் உண்டு. நாலு மூலையிலும் சந்தனம் முன்னைவிடத் தடிமன். முதலாளி பூசணிக்காய் உடைக்க ரோட்டுக்குப் போன நேரத்தில், பிளேடால் நாலு மூலையையும் சுரண்டி, தின்னரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டார்.

"ஏட்டி, என்ன செய்த?"

"பசை ஒட்டணும்லா அண்ணாச்சி."

அவர் வாசலை ஒருமுறை பார்த்தார். பிறகு, வெளியே இருப்பவர்களுக்கு என் கை தெரியாதபடி வந்து நின்றுகொண்டார்.

துணியை விரித்தேன். வலையைப் போட்டேன், தாளைப் போர்த்தினேன், நாடாவை ஓர் அங்குலம் விடாமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். காற்றை உறிஞ்சியதும் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் போவுதும்மா."

"முள்ளு நிக்கட்டும் மொதலாளி. போன தடவ நிக்கல."

மில்வீட்டுப் பையன் தாளைப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரம்னுதான் போட்டிருக்கு" என்றார். அரை மணி நேரம் முள் அசையவில்லை. குழாயைத் திறந்ததும், கறுப்புத் துணி மேல் ரெசின் ஈரம் நேர்கோடாக நகர்ந்து போனது. டியூபில் ஒரு குமிழிகூட இல்லை.

மறுநாள் ஓரத்தில் ஆப்பை வைத்துத் தட்டியதும் பானெட் சொன்னபடி கேட்டுக் கழன்றது. குனிந்தால் முகம் தெரிந்தது. வரி எங்கேயும் கோணவில்லை. மில்வீட்டுப் பையன் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"சுத்தபத்தமாச் செஞ்சா எப்பிடி வருது பாத்தீங்களா?"

அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்திருந்தேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு முடியவில்லை.

"மொதலாளி, நேத்து துணி விரிச்சப்பவும் நான் தூரம்தான். இப்பவும் தூரம்தான். போன தடவதான் நான் உள்ளயே வரல. எது வெளங்குச்சு, எது வெளங்கலன்னு நீங்களே பாத்துக்கோங்க."

அவர் விரல் சந்தனத்தோடு அந்தரத்தில் நின்றது. கிரைண்டர் நின்றுவிட்டது. மில்வீட்டுப் பையன் மட்டும் ஒன்றும் காதில் விழாதவர்போல, "வண்டியில ஏத்துங்கப்பா" என்றார். ஏற்றினார்கள். வண்டி போனதும் முதலாளி என் பக்கத்தில் வந்தார். தப்பு என்னுடையது, குங்குமம் நான் வைத்ததுதான் என்று சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன் பாருங்கள்.

"இத வெளிய யார்ட்டயும் சொல்லாத" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். சாயங்காலம் டவுன் பஸ்ஸில், பேண்டேஜ் கம்பெனி விட்டு வந்த பெண்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு, அடுத்த ஸ்டாப் வருவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமல் நானாகவே போய் வெட்டும் மேசையில் நின்றேன். முதலாளி பார்த்தார். எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பூஜைக்கும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் மூலையில் சந்தனம் வைப்பார். அவர் திரும்பியதும் நான் துடைப்பேன்.