பெஞ்சின் அடிப்பக்கம் கருகியிருந்தது

சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஜெபக்கூடம் எரிந்துபோனது. விரோதிகள் தீ வைத்தார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. உங்களில் பலர் அதைப் பார்த்து அழுதிருப்பீர்கள். அந்தக் கண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் தீ வைக்கவில்லை. கர்த்தர் எங்களுக்குச் செய்தது அந்த வீடியோவில் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

போடிமெட்டிலிருந்து உடும்பஞ்சோலை போகிற வழியில் ஒரு தொழிலாளர் காலனியில் குடியிருக்கிறேன். ஒரு நாளிதழுக்கு மண்சரிவு, யானை, ஏலக்காய் விலை என்று செய்தி அனுப்புகிறவன். அதை வைத்துக் குடும்பம் நடக்காது. என் மனைவி ஜெயராணி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனாள், அதனால் நடந்தது. தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. காலையில் ஜீப் வந்து முக்கில் நிற்கும், பெண்கள் முண்டியடித்து ஏறுவார்கள். ஜீப் ஏற்றவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை.

ஜீப் முருகேசனுடையது. அவரும் எங்கள் காலனிதான். முத்தாலம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கி வந்த வீடுகளில் சில, ஜெபத்துக்கு வரத் தொடங்கிய பிறகு தூக்க மாட்டோம் என்றன. ஜெயராணியும் அதில் ஒருத்தி. பொங்கல் முடிந்த மறுவாரம் ஜீப் வழக்கம்போல் முக்கில் வந்து நின்றது, எங்கள் பெண்களுக்கு மட்டும் இடமில்லை என்றார் முருகேசன். "அல்லேலூயா சொல்லிக்கிட்டே நடந்து போங்க, சீக்கிரம் போயிரலாம்" என்றாராம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நேற்றுவரை ஜெயராணியின் தூக்குவாளியிலிருந்து குழம்பு வாங்கித் தின்ற பெண்கள் அவர்கள். காலனியின் பெரிய மனிதர்களைப் போய்க் கேட்டேன். அது ஜீப்காரர் இஷ்டம் என்றார்கள். சாமிக்காக ஒரு வேலை செய்யும்போதுகூடப் பொறுப்பை டிரைவர் தலையில் கட்டிவிடுகிற வீரர்கள்.

அடுப்பு அணைகிற நிலை வந்தது. இரவல் அரிசியில் கஞ்சி வைத்தோம். மழையும் விடவில்லை. உடுத்திய துணி உடம்பிலேயே காய்ந்தது. ஜெயராணி தினமும் காலையில் முக்குக்குப் போய் நிற்பாள். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப் அவளைத் தாண்டிப் போகும். திரும்பி வருவாள். எதற்கு அவமானப்படப் போகிறாய் என்று கேட்டேன். நின்றால்தானே ஏற்றவில்லை என்று ஆகும் என்றாள்.

சபையில் ஜெபித்தோம். அந்த ஜெபங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜீப் பள்ளத்தில் உருள வேண்டும் என்று ஒருவர் கண்ணீரோடு மன்றாடினார். சபை ஆமென் சொன்னது. அந்த ஜீப்பில் காலனியின் பாதிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜெபக்கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பலகைச் சுவர், நீலத் தார்ப்பாய், உள்ளே குளிருக்காகப் பழைய சேலைகளைத் தைத்துக் கட்டிய திரை. மழைக்காலத்தில் யாராவது ஒரு வீட்டிலிருந்து சட்டியில் நெருப்புக் கங்கு கொண்டுவந்து, வயதானவர்கள் உட்காரும் பெஞ்சுக்கடியில் வைப்பது எங்கள் வழக்கம். நனைந்த சால்வைகளை அதே பெஞ்சின் முதுகில் போடுவோம். கொண்டுவந்தவர்களே சட்டியை எடுத்துப் போக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பல நாள் கழித்து வந்த வெயில். பெண்கள் எல்லாரும் துணி காயப்போட ஓடினார்கள். மத்தியானம் கூடம் எரிந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தார்ப்பாய் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் முருகேசன்தான் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் எங்கள் சபை மூப்பர் ஞானமுத்து. அவர் எதையும் பார்க்கவில்லை. மறுநாளே புகார் போயிற்று, போலீஸ் முருகேசனை அழைத்துப் போனது. அதே நாள் கீழே சமவெளியிலிருந்து ஓர் ஊழியர், பிரசங்கம் செய்கிறவர், காரில் வந்து இறங்கினார். கூட ஒரு கேமராக்காரர். கரிந்த பலகைக்கு முன்னால் எங்கள் பெண்களை நிறுத்தினார்கள். அவர்கள் உண்மையாகவே அழுதார்கள். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது.

"இன்னொரு தடவ அழுங்கம்மா, மஞ்சு மறைச்சிருச்சு" என்றார் கேமராக்காரர்.

அழுதார்கள்.

எரிந்த இடத்தைப் பார்ப்பது எனக்குத் தொழில். நான் உள்ளே போனேன். வெளிப்பக்கப் பலகைகள் நனைந்து, கறுக்காமல் இருந்தன. கரி முழுக்க உள்ளே. பெஞ்சைப் புரட்டினேன். மேலே பாலிஷ் அங்கங்கே மிச்சமிருந்தது, அடிப்பக்கம் குழிந்து கருகியிருந்தது. அதன் கீழே சட்டி. காது உடைந்த இரும்புச் சட்டி. எங்கள் வீட்டுச் சட்டி.

ஊழியரிடம் சொன்னேன். அவர் பெஞ்சைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சகோதரரே, இந்த நேரத்தில இதச் சொன்னா யாருக்கு லாபம்? உபத்திரவம் உண்மைதானே?" என்றார். உண்மைதான். ஜீப் உண்மை. அது அவருக்குப் போதவில்லை. முக்கில் நின்று திரும்பி வருகிற பெண்ணைக் கேமராவில் காட்டினால் யார் பார்ப்பார்கள்? தீ வேண்டும். ஞானமுத்து என் தோளில் கைவைத்து, கர்த்தர் இந்தத் தீயை நமக்கு நன்மையாக மாற்றுவார் என்றார். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான். இதைக் கர்த்தரின் கணக்கில் எழுத இவருக்கு வாய் கூசவில்லை.

வீட்டுக்குப் போனேன். ஜெயராணியிடம் சட்டியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. நான் போய்ச் சொன்னால் என் மனைவியைச் சபைக்கும் காலனிக்கும் பிடித்துக் கொடுக்கிறேன். சொல்லாவிட்டால் பொய்ச்சாட்சிக்கு உடந்தை. பின்பக்கம் விறகுக் குவியலுக்கு அருகே நின்று ஜெபித்தேன். சின்ன ஜெபம். ஆண்டவரே, நான் இவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, இந்தப் பொய்யும் நிற்கக் கூடாது, இரண்டும் எனக்கு வேண்டும் என்றேன். நடக்கும் என்று நம்பித்தான் கேட்டேனா என்றால், இல்லை. வேறு கேட்கத் தெரியவில்லை.

உள்ளே வந்தபோது ஜெயராணி முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஸ்டேஷனுக்குப் போகணும். வாரீகளா, நான் மட்டும் போகவா?"

"எதுக்கு?"

"நம்ம சட்டியக் காணும்."

சட்டியைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அது பெரிது. சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு இறங்கினேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. மலையாளி, தமிழ் நன்றாகத் தெரிந்தவர். முருகேசன் சுவரோரம் பெஞ்சில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குப் பின்னாலேயே ஞானமுத்துவும் ஊழியரும் வந்து வாசலில் நின்றார்கள். ஜெயராணி யாரையும் பார்க்கவில்லை.

"கங்கு நான் வச்சது சார். சட்டிய எடுக்காமப் போனதும் நான்தான். இவரு தீ வைக்கல." மூச்சு வாங்கினாள். "எங்களை ஜீப்புல ஏத்தாம விட்டது இவரு. ரெண்டையும் சேத்து எழுதுங்க."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முருகேசனைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். ஊழியர் அதற்குள் காருக்குப் போய்விட்டார். வீடியோ மட்டும் அன்று மாலையே வெளியே வந்தது.

பாடு அதற்குப் பிறகுதான் கூடியது. காலனிக்காரர்கள் எங்களைச் சொந்தக் கூடத்தையே கொளுத்திய கூட்டம் என்றார்கள். சபையில் சிலர் ஜெயராணிக்குக் கை கொடுப்பதை நிறுத்தினார்கள். சாட்சியைக் கெடுத்தவள் என்றார் ஞானமுத்து. முருகேசன் வெளியே வந்தும் ஒரு நன்றி சொல்லவில்லை. ஜீப் வழக்கம்போல் அவளைத் தாண்டிப் போனது. அவள் வழக்கம்போல் நின்றாள். சபையின் மற்றப் பெண்களும் பக்கத்தில் நின்றார்கள்.

பிறகு ஒரு காலை. மஞ்சு இறங்கியிருந்தது. குடை பிடித்துக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். ஜீப் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. முருகேசன் கண்ணாடியைத் துடைத்தபடி, எங்களைப் பார்க்காமலே பேசினார்.

"ஜெயராணிக்கா, கையில சட்டி கிட்டி இல்லையே?"

"இல்ல."

"அப்ப ஏறுங்க."

"இவுகளும் ஏறுனா ஏறுறேன்."

அவர் துடைத்த துணியை ஓரமாகப் போட்டார். "லேட்டாவுது. எல்லாரும் ஏறித் தொலைங்க" என்றார்.

ஏறினார்கள்.

ஜீப் பள்ளத்தில் உருள வேண்டும் என்று கேட்ட ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் தரவில்லை. அதற்காக அவருக்கு முதல் ஸ்தோத்திரம். விறகுக் குவியலருகே நான் நம்பிக்கையில்லாமல் கேட்ட இரண்டையும் கொடுத்தார். அதற்காக வாழ்நாள் முழுக்க ஸ்தோத்திரம். மழை முடிந்ததும் கூடத்துக்குத் தகரம் போட்டோம். தகரத்தை ஏற்றி வந்தது முருகேசனின் ஜீப். வாடகை வாங்கிக்கொண்டார். அவர் மனந்திரும்பிவிட்டார் என்று எழுத உங்களில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். திரும்பவில்லை. இந்த வருடமும் முன்னால் நின்று முளைப்பாரி எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டிலிருந்து யாரும் தூக்கவில்லை. மறுநாள் காலையும் ஜீப் எங்கள் பெண்களுக்காக முக்கில் நின்றது.

இப்போது எங்கள் சபையில் யாராவது உபத்திரவம் என்று எழுந்தால், முதலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறோம். ஜெபம் அதற்குப் பிறகு. நானும் செய்தியை அப்படித்தான் எழுதிவந்தேன், ஜெபத்தை அப்படிச் செய்ததில்லை.

பாடுபடுகிற சகோதரரே, உங்களுக்கு நடந்த அநியாயத்தை நடந்த அளவிலேயே சொல்லுங்கள். தேவைப்பட்டால் போலீஸில் சொல்லுங்கள், அதில் பாவம் இல்லை. ஒரு பிடி கூட்டிச் சொல்லாதீர்கள். நம் ஆண்டவரைக் காப்பாற்ற நம்முடைய பொய் தேவைப்படாது. அவரை நம்பி, காலையில் முக்கில் போய் நில்லுங்கள். கிளம்பும்போது கங்குச் சட்டியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.