தம்பி எடுத்த சீட்டு

பழைய கதவொன்றை யாரோ மெல்லத் திறந்து மூடுவதுபோல என் தம்பி ஜோயலின் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைக் கேட்டபடிதான் என் பள்ளிப் பருவத்துக் காலைகள் விடிந்தன. அதற்கு எங்கள் வீட்டில் 'இழுப்பு' என்று பெயர். அம்மா வெந்நீர்ச் சட்டியில் தைலம் விட்டு, அவன் தலைக்கு மேல் துப்பட்டியைப் போர்த்தி ஆவி பிடிக்க வைப்பாள்; அந்தக் காரமான வாசனை, நான் பள்ளிக்கூடத்தில் நோட்டைத் திறந்தால் அதிலும் இருக்கும்.

கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டத் தலைநகர் ஆகவில்லை. அப்பா ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம். எங்கள் வீட்டுப் பேச்சில் 'கர்த்தருக்குச் சித்தமானா' என்ற சொல் உப்பைப் போலக் கலந்திருந்தது. பஸ் வருமா என்று கேட்டாலும், இட்லிக்கு மாவு புளிக்குமா என்று கேட்டாலும் அதுதான் பதில். சித்தம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியதில்லை. பெரியவர்களுக்கு மட்டும் கேட்கிற ஏதோ ஒரு குரல் என்று நினைத்திருந்தேன்.

எனக்குப் பதினொரு வயதான அந்த டிசம்பரில் ஐயர் வீட்டுக்கு வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம். கல்வராயன் மலையில் மலைப்பிள்ளைகளுக்காகச் சபை நடத்திவந்த சிறு பள்ளியையும் விடுதியையும் பார்த்துக்கொண்டவர்கள் வயதாகி ஊர் திரும்புகிறார்கள், பொங்கலுக்குள் வேறு ஆள் வேண்டும், நீங்கள் குடும்பத்தோடு போவீர்களா என்று அப்பாவிடம் கேட்டார். அவர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அப்பாவின் கண்கள் கலங்கிவிட்டன. தான் கல்லூரியில் படித்த காலத்திலேயே ஆண்டவர் தன்னிடம் மலையைப் பற்றிப் பேசியதாக அப்பா சொன்னார். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு நாட்கள் வீட்டில் ஜெபமும் சண்டையும் மாறி மாறி நடந்தன. அப்பா மதியச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தார். அம்மாவும் ஜெபித்தாள். ஒருநாள் மெஷினை மிதித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்: "ஏங்க, உங்களுக்குச் சொன்ன ஆண்டவரு எனக்கு ஏன் ஒண்ணும் சொல்லல? மலைமேல பஸ்ஸே ரெண்டு வேளதான். இவனுக்கு இழுப்பு வந்தா நான் யாராண்ட ஓடறது?"

"விசுவாசம் வேணும்மா" என்று மட்டும் அப்பா சொன்னார். அவர் குரலிலும் அது குறைவாகத்தான் இருந்தது.

எனக்கு வேறொரு பயம். மலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். போவதென்றால் என்னைத் திருக்கோவிலூரில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்று அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. நான் இல்லாமல் அவர்கள் மூவரும் ஒரு வீட்டில் இருப்பதை நினைத்துக்கொண்டு, இரவில் எழுந்து அம்மாவின் பாயில் போய்ப் படுத்துக்கொள்வேன்.

கடைசியில் அப்பாதான் அந்த வழியைச் சொன்னார். இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள், நாமும் போடுவோம், வீட்டில் சின்னவன் எடுக்கட்டும், எது வந்தாலும் அதுதான் சித்தம் என்றார். அம்மாவும் ஒத்துக்கொண்டாள். என் கையெழுத்து அழகு என்பதால் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. 'போ' என்று ஒன்று, 'இரு' என்று ஒன்று.

அடுப்படியில் குந்தி உட்கார்ந்து நோட்டுத்தாளைக் கிழித்தேன். முதலில் 'இரு' என்று எழுதினேன். இரண்டாவது தாளில் என் கை தானாகவே அதையே எழுதியது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நன்றாக யோசித்து, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வந்த பகல். அப்பா முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். ஐந்து வயது ஜோயல் கிண்ணத்துக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அப்பா பிரித்துப் பார்த்து, "இரு" என்று படித்தார். பிறகு மூன்று முறை "ஸ்தோத்திரம்" என்றார்; ஒவ்வொரு முறையும் குரல் கம்மியாகிக்கொண்டே வந்தது. அம்மா மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. மீதிச் சீட்டை நான் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு போய், வாயில் போட்டு மென்று விழுங்கினேன். மை கசந்தது.

பயந்தேன், ஆனால் எனக்குள் ஒரு நியாயமும் வைத்திருந்தேன். ஆண்டவருக்குப் பிடிக்கவில்லை என்றால் என் கையைத் தடுத்திருக்கலாமே? தடுக்கவில்லையே. அப்படியானால் இதுவே அவர் சித்தமோ? இந்தக் கேள்வி இரவும் பகலும் தலைக்குள் சுற்றியது. விடுதிக்கு ஆள் கிடைக்காமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பொங்கல் முடிந்து சபையில் யாரோ சொன்னபோது, அதை நான் காதில் வாங்காததுபோல இருந்துவிட்டேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை. அப்பா சிறப்பு வகுப்பு எடுக்கப் போயிருந்தார். வெட்டி முடித்த வயலில் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திவிட்டார்கள். புகை தெருவுக்குள் இறங்கியது. ஜோயலுக்கு மூச்சு அடைத்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள், பின்னாலேயே நான். என் பொய்க்காகத்தான் ஆண்டவர் தம்பியை எடுத்துக்கொள்கிறார் என்று ஓடும்போதே எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா என் கையில இல்லம்மா" என்றார்.

தகவல் தெரிந்து ஓடி வந்த அப்பா ஆஸ்பத்திரித் தரையிலேயே முழங்கால் போட்டார். "மலையில இருந்துருந்தா புள்ள போயிருப்பான். அதுக்குத்தான் ஆண்டவரு 'இரு'ன்னாரு" என்று அழுதார். ஒரு மணி நேரத்துக்கு முன் எனக்குத் தண்டனையாக இருந்தது, இப்போது கிருபையாகிவிட்டது. எதை நம்புவது என்று தெரியாமல் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, ஆண்டவர் செய்ததை எல்லார் முன்னும் சொல்கிற 'சாட்சி' சொன்னார். "சின்னப் புள்ள கையால கர்த்தர் பேசினாரு" என்று அவர் முடித்தபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தச் சாட்சி பரவியது. வெளியூர்க் கூட்டங்களுக்கெல்லாம் கூப்பிட்டு அதைச் சொல்லச் சொன்னார்கள். நான் முன் பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் கேட்டேன். சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் பிரகாசமாகும். எனக்குத் தொண்டையில் அந்த மையின் கசப்பு ஏறும்.

பதினான்கு வயதில் திடப்படுத்தல் வகுப்பில் சேர்த்தார்கள். அது முடிந்தால்தான் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் பங்கு. பாடம் எடுத்தது கிரேஸ் அக்கா. பாடகர் குழுவில் முதல் குரல் அவர்களுடையது. கிரேஸ் அக்காவும் கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவரும் ஒருவரையொருவர் விரும்பியது சபைக்கே தெரியும். ஒருநாள் அக்கா வகுப்புக்கு வீங்கிய கண்ணோடு வந்து, பாடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "உங்கப்பா சாட்சியக் கேட்டுட்டு எங்கப்பாவும் என் கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டாருடி. 'வேணாம்'னு வந்துச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

அன்று மாலையே சீட்டுகளைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டுலயுமா?" என்றார்.

"ரெண்டுலயும் 'இரு'தாம்ப்பா."

அப்பா பேனாவை மூடி வைத்தார். மெஷின் சத்தம் நின்றிருந்தது. அம்மா உள்ளிருந்தபடியே, "எழுதினதுதான் அவ. ஆசப்பட்டது நானுங்க" என்றாள். அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு நேராகக் கிரேஸ் அக்கா வீட்டுக்கு நடந்தார், என்னையும் கூட்டிக்கொண்டார். அக்காவின் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, உங்க வூட்டுச் சீட்டு பொய்யா இருக்கலாம். எங்க வூட்டுச் சீட்ட நானே எழுதினேன், அது பொய் இல்லையே" என்றார். கிரேஸ் அக்கா கதவோரம் நின்றிருந்தார்கள். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை.

ஞாயிறு அன்று அப்பா சபையில் எழுந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. "இத்தன நாளா நான் சொன்ன சாட்சி சரியில்ல. ஆண்டவராண்ட கேக்க வேண்டியதப் பயந்துகினு புள்ளைங்க கையில குடுத்துட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் 'ஆமென்' சொல்லவில்லை.

அந்த வாரமே என்னையும் அழைத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினார். வளைவுகளில் எனக்குத் தலை சுற்றியது. விடுதி பூட்டிக் கிடந்தது. சன்னலில் கண்ணாடி இல்லை, வகுப்பறைக்குள் ஆடுகள் படுத்திருந்தன. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து, அப்பா யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். கோபமே இல்லாத குரலில், "வாத்தியாரு வருவாரு, வருவாருன்னு ஒரு மாசம் புள்ளைங்கள நிறுத்தி வச்சிருந்தாங்க. அப்பறம் எம்மவன் செங்கல் சூளைக்குப் போய்ட்டான்" என்றார்.

இறங்கும் பஸ்ஸில் அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "'போ'ன்னு வந்துருந்தா நான் போயிருப்பனான்னு எனக்கே தெரியல ஸ்டெல்லா. 'இரு'ன்னு வந்தப்ப மனசு லேசாச்சு. அதத்தான் தேவசமாதானம்னு நெனச்சிட்டேன்." என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் மலைக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆண்டவர் அனுப்பினாரா என்று கேட்டவர்களிடம், "தெரியல, பஸ் இருந்துச்சு, போனேன்" என்பார்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மலையில் அந்த விடுதி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கோபுரம் நிற்கிறது, சாலை அகலமாகிவிட்டது. எங்கள் சபையில் ஆராதனை கைபேசியில் நேரடி ஒளிபரப்பாகப் போவதால் சாட்சி நேரத்தை எடுத்துவிட்டார்கள். 'கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்று தயக்கமில்லாமல் எழுந்து நிற்கிற முகங்களும் அதோடு போய்விட்டன. அவற்றை நான் தேடுகிறேனா, அவை போனதில் எனக்கு நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்த ஜோயலிடம் முதன்முறையாக முழுவதையும் சொன்னேன். இழுப்பு விட்டுப்போய், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாகிவிட்ட அவன் கேட்டான்: "அப்ப நான் இன்னிக்கி உயிரோட உக்காந்துகினு இருக்கறது தப்பாக்கா?"

"சீ, இல்லடா."

"அந்தம்மா புள்ள சூளைக்குப் போனது?"

"அது தப்புதான்."

"ரெண்டும் ஒரே சீட்டுலேர்ந்துதான வந்துச்சு?"

அவனுடைய காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவனும் விட்டுவிட்டான்.

ஞாயிறுகளில் சபையே ஒரே குரலில் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சொல்கிறது. அவருடைய சித்தம் ஆகட்டும் என்று கேட்கிற இடம் வரும்போது மட்டும் என் வாய் அடைத்துக்கொள்கிறது. மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் பின்தங்கி, என்ன கேட்கிறேன் என்று முழுவதும் தெரியாமலே, அந்த வரியைத் தனியாகச் சொல்லிவிட்டு அவர்களைப் போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.