வாய் திறக்காத இரண்டு வருடம்

ஹவீவா தன் பிளம் தோட்டத்தில் கடைசி வரிசையைப் பறிக்க மாட்டாள். அது இல்லாதவர்களுக்கு. யாரும் வந்து பறிக்காவிட்டால் பறவைகள் தின்னும். பறவைகளும் மிச்சம் வைத்தது மண்ணில் விழுந்து அழுகும். "வித்தா நாலு காசு வருமே" என்று கூட்டுறவுக்காரர்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்கள். "வயலோட ஓரத்தை அறுக்காதேன்னு தோரா வேதத்துல இருக்கு. விலை நல்லா இருந்தா அறுத்துக்கோன்னு இல்லையே" என்பாள். அவள் கோழிக் கொட்டகையில் வேலை செய்தவனுக்குச் சூரியன் இறங்குமுன் கூலி போய்விட வேண்டும். கிழவர் யாராவது பேருந்தில் ஏறினால், முழங்கால் வலியோடு முதலில் எழுந்து நிற்பவள் அவள்தான்.

மளிகைக் கடையில் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போது ஹவீவா உள்ளே நுழைந்தால் கடைக்காரர் குரல் கொடுப்பார்: "ஹவீவா வந்தாச்சு. எல்லாரும் வானிலையப் பத்திப் பேசுங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ரொட்டி அலமாரிப் பக்கம் போய்விடுவாள்.

குர்திஸ்தானிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிற ஊர் அது. எருசலேம் மலைச்சரிவில் எண்பது வீடு இருந்தால் அதிகம். ஹவீவா அங்கேயே பிறந்தவள். மழலையர் பள்ளிச் சமையலறையில் இருபத்தைந்து வருடமாகச் சமைக்கிறவள். சபாத் ஓய்வுநாளும் கோஷர் சாப்பாட்டு விதியும் ஊரில் எல்லோரும் கடைப்பிடிப்பதுதான். ஆனால் 'நீங்கள் பரிசுத்தராயிருங்கள்' என்று தொடங்கும் தோராப் பகுதியில், அடுத்த மனிதனோடு எப்படி வாழ வேண்டும் என்று சொல்லியிருக்கிறதே, அதைக் கைவிரலில் வைத்து எண்ணுகிற மாதிரி வாழ்ந்தவள் அவள் ஒருத்திதான்.

பக்கத்து வீட்டுப் பாத்யா நேர் எதிர். புருஷன் போன பிறகு தையல் மிஷினை வைத்து ஒரே மகனை வளர்த்தவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது.

"நீ நேரா சொர்க்கத்துக்குப் போயிருடி. நான் வாசல்ல நின்னு உன்னைப் பத்திப் புரளி பேசிட்டிருக்கேன்" என்பாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் கம்பிவேலி இருந்தது. பிள்ளைகள் நுழைந்து நுழைந்தே அதில் ஆள் போகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஹவீவாவின் கடைக்குட்டி எவ்யாதாரும் பாத்யாவின் ஹனானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். பசித்தால் எந்த வீட்டு அடுப்பு எரிகிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். காய்ச்சல் வந்தாலும் இருவருக்கும் சேர்ந்துதான் வரும்.

இருபத்திரண்டு வயதில், பிளம் பறிக்கிற காலத்தில், பழத்தை இறக்கிவிட்டு இருவரும் பிக்கப் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியவன் ஹனான். ஊருக்குள் திரும்பும் வளைவுக்கு முன்னால் அவன் ஃபோன் மினுங்கியது. எடுத்துப் பார்த்தான். வண்டி கவிழ்ந்தது. ஹனானுக்குத் தோளெலும்பு முறிந்தது. எவ்யாதாருக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

துக்கம் காக்கும் ஏழு நாளும் ஹவீவா வீட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் நாள் பாத்யா வந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்திருந்த ஹவீவா எழுந்தாள். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்யாவுக்குப் பக்கத்தில் போட்டாள். ஒன்றும் பேசாமல் திரும்பித் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

நீதிமன்றத்திலும் அப்படித்தான். ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டபோது எழுந்து நின்று, "எனக்கு அந்தப் பையன்மேல ஒரு குறையும் இல்லை" என்றாள். ஹனானுக்குச் சில மாதம் சமூக சேவை, சில வருடம் வண்டி ஓட்டத் தடை. அதோடு முடிந்தது. புண்ணியவதி என்றார்கள். பழிவாங்காதே, வன்மம் வைக்காதே என்று எல்லோரும் படிக்கிறோம், செய்து காட்டியவள் இவள் ஒருத்திதான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஹவீவா புளிப்புச் சூப் வைப்பாள். இலைக்கீரை போட்டு, ரவை மாவுக்குள் இறைச்சி பொதிந்த குபே உருண்டைகளை மிதக்கவிட்டு. அதில் ஒரு பானை எப்போதும் பாத்யா வீட்டுக்கு. மகன் போன பிறகும் அது நிற்கவில்லை. வேலி ஓட்டை வழியாகக் குனிந்து போவாள், பானையை மேசைமேல் வைப்பாள், "சபாத் ஷாலோம்" என்பாள், திரும்பிவிடுவாள். பாத்யா வீட்டில் கேஸ் தீர்ந்ததைக் கண்டால் சிலிண்டரை அனுப்புவாள். ஏணி கேட்டால் தருவாள். முன்பு அவளோடு மணிக்கணக்கில் பேசியவள், இப்போது வானிலையைக்கூடப் பேசவில்லை.

வீட்டிலும் அவள் எவ்யாதாரைப் பற்றிப் பேசவில்லை. பேசத் தொடங்கினால் அடுத்த வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கீரை அரியும்போது வேலிக்கு அப்பால் ஹனானின் செருப்புச் சத்தம் கேட்டால் கத்தி வேகமாக விழும். நாக்கைக் கட்டியாயிற்று, கை உதவிக்கொண்டிருக்கிறது. இதற்குமேல் கடவுள் என்ன கேட்பார் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பானையோடு போனபோது ஹனான் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அவள் வருகிற நேரத்துக்கு வெளியே போய்விடுகிறவன். அவளைப் பார்த்ததும் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சபாத் ஷாலோம்" என்றாள் ஹவீவா, மேசையைப் பார்த்து.

ஹனான் தொட்டிப் பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான். பிறகு பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டான்.

பாத்யா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். "எடுத்துட்டுப் போ" என்றாள்.

"என்ன?"

"இந்தப் பானைய எடுத்துட்டுப் போ ஹவீவா. ரெண்டு வருஷமா நான் இதை நாய்க்கு ஊத்திட்டிருக்கேன். எங்க வீட்டுல யாருக்கும் இது தொண்டைல இறங்கல."

"நான் என்ன தப்புடி பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணல. அதான் தாங்க முடியல. வந்து என் முடியப் புடிச்சு இழு. அவனை ஒரு அறை விடு. என் மகனைக் கொன்னுட்டியேடான்னு தெருவுல நின்னு கத்து. அதைவிட்டுட்டு சூப்பு! என் பையன் என்ன சொல்றான் தெரியுமா? 'அம்மா, அவங்க என்னை ஒருதரம் அடிச்சிட்டா நான் பொழச்சுக்குவேன்'ங்கிறான்."

"எனக்கு அவன்மேல ஒண்ணும் இல்ல."

"அப்படியா? அவன் பேரைச் சொல்லு பாப்போம்."

ஹவீவா வாயைத் திறந்தாள். அவன் பிறந்த நாளிலிருந்து தினம் நூறு முறை கூப்பிட்ட பெயர். வரவில்லை.

"சொல்லுடி."

ஹவீவா பானையை எடுத்துக்கொண்டு வேலி வழியாகத் திரும்பிப் போனாள்.

மழை ஓய்வதற்குள் பாத்யா வீட்டைக் காலி செய்தாள். தெற்கே, பாலைவன நகரமான திமோனாவில் ஒரு தொழிற்சாலையில் ஹனானுக்கு வேலை கிடைத்திருந்தது. சாமான் ஏற்றிய லாரி நின்றபோது ஹவீவா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். போகலாமா வேண்டாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் லாரி போய்விட்டது.

வசந்தத்தில் 'பரிசுத்தராயிருங்கள்' என்ற அந்தத் தோராப் பகுதி ஜெப ஆலயத்தில் வாசிக்கப்பட்டது. பெண்கள் அமரும் மாடத்தில் ஹவீவா உட்கார்ந்திருந்தாள். வாசிப்பவரின் குரலுக்கு முன்னால் அவள் உதடு போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு மனப்பாடம். உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகைக்காதே. பழிவாங்காதே, வன்மம் வைக்காதே. உதடு அங்கே போய்விட்டது. வாசிப்பவரோ இன்னும் அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்: 'உன் அயலானைக் கட்டாயம் கடிந்துகொள், அவன் நிமித்தம் உன்மேல் பாவம் சுமக்காதே.'

உள்ளத்தில் பகைக்காதே. வாய்க்கு வராமல் உள்ளுக்குள்ளேயே இருக்கிற பகையைத்தான் அது சொல்கிறது. அதற்கு மருந்தாக அடுத்தாற்போல் இருக்கிற வார்த்தையை அவள் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கணவன் மெனஷேயிடம் கேட்டாள். மகன் போனதிலிருந்து அவரும் வார்த்தையை எண்ணித்தான் பேசுவார்.

"நாம அந்தப் பையன்கிட்ட பேசியிருக்கணுமோ?"

"நான் பேசிட்டேன்" என்றார்.

"எப்போ?"

"முதல் வருஷமே. பம்ப் ரூம் பக்கத்துல. வாய்க்கு வந்தபடி கத்தினேன். சட்டையப் புடிச்சுச் சுவத்துல மோதினேன். அவனும் அழுதான், நானும் அழுதேன். அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? நீதான் புண்ணியவதியாச்சே."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் அது அவளுக்கு அப்படி வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருந்து மாறித் திமோனாவுக்குப் போனாள். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. மூன்றாவது மாடியில் பாத்யா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். ஹவீவாவின் வெறுங்கையைப் பார்த்தாள், வழிவிட்டாள், சமையலறைக்குள் போய்விட்டாள். முன்னறையில் ஹனான் வேலை உடுப்போடு நின்றான்.

"ஹனான்" என்றாள் ஹவீவா. இந்த முறை பெயர் வந்தது. "உட்காரு."

உட்கார்ந்தான்.

"நீ ஃபோனைப் பாத்தே."

"ஆமா ஹவீவாம்மா."

"அந்த வளைவு உனக்குத் தெரியாதா? ஆயிரம் தடவ ஓட்டியிருக்கியே. என் பிள்ளை உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கான், நீ ஃபோனைப் பாத்தே. என் பிள்ளையக் கொன்னுட்டே ஹனான்."

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் திருப்பவில்லை.

"உன்னைப் பாக்குறப்பல்லாம் நீ ஏன் உசுரோட இருக்கேன்னுதான் நினைச்சேன். கோர்ட்டுல உன்மேல குறை இல்லைன்னு சொன்னேன் பாரு, அது பொய். நீதிபதி முன்னாடி நின்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?"

"எல்லாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரியும்."

சொல்ல வந்தது தீர்ந்துவிட்டது. இரண்டு வருடம் சுமந்ததை இறக்கிவைக்க இவ்வளவு சின்ன நேரம்தானா என்று இருந்தது. பாரம் இறங்கியதாகவும் தெரியவில்லை. நெஞ்சு காலியாகி, காலியான இடத்தில் வேறொன்று வந்து நின்றது. இதுவரை யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வி.

"அன்னைக்கு வண்டில அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

ஹனான் முகம் உடைந்தது. "பிளம் தின்னுட்டிருந்தான். கொட்டைய சன்னல் வழியா ரோட்டுப் பலகைமேல துப்பிட்டே வந்தான். மூணு பலகைல பட்டுச்சுன்னு பந்தயம் ஜெயிச்சிட்டான். நான் ஒத்துக்கல, ரெண்டுதான்னு சண்டை போட்டேன். 'இன்னைக்கு எங்கம்மா சமையல், சீக்கிரம் ஓட்டுடா'ன்னான். சிரிச்சிட்டிருந்தான் ஹவீவாம்மா."

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்ல."

அது உண்மையா என்று அவள் கேட்கவில்லை. மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதாள். மகனின் கடைசி அரைமணி நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். வாரம் தவறாமல் அந்த வாசலுக்குப் போயும் கேட்காமல் திரும்பி வந்திருக்கிறாள்.

பாத்யா தேநீரோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நானும்தான் அவனை வளர்த்தேன். என் மேசைலயும்தான் சாப்பிட்டான். எனக்கும் அழணும்னு இருந்துச்சு ஹவீவா. நீ என்னை அழ விடலயே. நீ அப்படி நிமிர்ந்து நிக்கிறப்ப, கொன்னவனோட அம்மா எந்த முகத்த வச்சுட்டு அழுறது?"

ஹவீவா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "திரும்பி வந்துருடி" என்றாள்.

"இல்ல. இங்க ரோட்டைப் பாத்தா வெறும் ரோடுதான் தெரியுது. அங்க அப்படி இல்ல."

புறப்படும்போது ஹனான் படி வரைக்கும் கூட வந்தான். "நினைவு நாளுக்குக் கல்லறைக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டான். மூன்றாவது ஆண்டு நினைவு நாள் கோடையில் வருகிறது.

வா என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பொய் சொன்னது போதும் என்று பட்டது.

"இந்த வருஷம் வேண்டாம். என்னால முடியல. முடியறப்ப நானே கூப்பிடுறேன்."

"சரி ஹவீவாம்மா. காத்திருக்கேன்."

அந்தக் கோடையில் கல்லறையில் மெனஷே இறந்தவர்களுக்காகச் சொல்லும் காதிஷ் ஜெபத்தைச் சொன்னார். அவள் மகனின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழுதாள். ஊருக்கு அது புதிதாக இருந்தது. இப்போதெல்லாம் மழலையர் பள்ளிச் சமையலறையில் எவ்யாதாரைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். கேட்கிறவர்களுக்குச் சில சமயம் சலிப்புத் தட்டிவிடுகிறது. பாத்யாவோடு பண்டிகைக்குப் பண்டிகை ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுகிறாள். முன்பிருந்த பேச்சு திரும்பவில்லை.

பிறகு இரண்டு கோடை வந்து போயிற்று. நினைவு நாள் நெருங்கும்போதெல்லாம் ஹனானின் எண்ணை எடுத்துப் பார்ப்பாள். கடிந்துகொள் என்றது, கடிந்துகொண்டாள். அதற்கு அடுத்த வரியில் அயலானை உன்னைப்போல் நேசி என்று சொல்லியிருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள்.