தட்டுவதற்கு ஒருத்தி

காலையில் நடக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பாலாவியில் உப்பளத்து ஓரமாகப் போகும் கிரவல் பாதையில் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். கைத்தொலைபேசியில் கதைத்துக்கொண்டே பாதித் தூரம் போய்த் திரும்பி, சந்திக் கடையில் இரண்டு ரோல்ஸும் சீனி அள்ளிப் போட்ட பால் தேநீரும் அடிப்பார்கள். பிறகு என்னிடம் வந்து, "காக்கா, வயிறு குறையுதே இல்ல" என்பார்கள். எப்படிக் குறையும்?

நான் ஒரு காலத்தில் மன்னார்ப் பக்கத்தில் நூறு மீற்றர் ஓடியவன். தொண்ணூறில் இயக்கக்காரர் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேற்றியபோது பதக்கங்கள் அலுமாரிக்குள்ளேயே கிடந்துபோயின. புத்தளம் வந்து, முகாமில் கிடந்து, உப்பளத்தில் வேலை பார்த்து ஒரு மகளை வளர்த்ததில் ஓட்டம் மறந்துபோனது. யுத்தம் முடிந்த பிறகு, வயது போனவர்களுக்கும் ஓட்டம், பாய்ச்சல் என்று மெய்வல்லுநர் போட்டி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றிரவே கால் அரிக்கத் தொடங்கிவிட்டது.

என்னிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஒரு கோப்பை சுடுதண்ணீர். உடம்பு சூடாகும்வரை நடை. அதன் பிறகுதான் ஓட்டம், அதுவும் கொஞ்சமாக. ஓடுவதைவிட ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மூச்சு அடங்குமுன் அடுத்த ஓட்டத்தைத் தொடங்குகிறவன் வேகத்தைப் பழகவில்லை, களைப்பைப் பழகுகிறான். கதிரையில் இருந்து எழும்பும்போது கையை ஊன்றாதீர்கள் என்று வயது போனவர்களுக்குச் சொல்வேன். சிலர் கேட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் முழுவதும் என் பேச்சைக் கேட்டு நடந்தது, என் மனைவியைத் தவிர.

அவளுக்குச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். "நான் என்ன, ஓட்டப் போட்டிக்கா போகப்போறன்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். அவள் அசையவில்லை.

ஆனால் ஒரு வேலைக்கு மட்டும் அவள் வருவாள். குறுந்தூர ஓட்டக்காரன் எல்லாவற்றையும் தனியாகப் பழகலாம், புறப்படுவதைத் தவிர. சத்தம் எப்போது வரும் என்று தெரியாமல் குனிந்து நிற்க வேண்டும், வந்தவுடன் பாய வேண்டும். அதற்கு இன்னொரு ஆள் தேவை. முகாமில் நாங்கள் இருந்த கொட்டிலின் கதவுப் பலகையில் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. அவற்றைச் சேர்த்து அவள் தட்டினால் உப்பளத்து நாரையெல்லாம் எழும்பிப் பறக்கும். சும்மா தட்டவும் மாட்டாள். "ஆயத்தம்" என்று சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்வாள், வானத்தைப் பார்ப்பாள். என் தொடை நடுங்கும்.

"தட்டு புள்ள!"

"என்ன அவசரம்? பஸ்ஸா போகுது?"

ஆரம்பத்தில் எங்கள் வாசலுக்கு முன்னால்தான் கோடு கீறினேன். பிறகு, "இஞ்ச சரளைக் கல் கூட, அங்கால தரை நல்லம்" என்று வேப்ப மரத்தடிக்கு மாற்றினேன். அடுத்த கிழமை இன்னும் கொஞ்சம் அங்கால். தட்ட வேண்டுமென்றால் அவள் நடந்து வரத்தானே வேண்டும்? இப்படியே தள்ளித் தள்ளி, கடைசியில் உப்பளத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுவரைக்கும் கொண்டுபோனேன். சீனி குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னபோது, அது பாகற்காய்ச் சாற்றின் வேலை என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்த வருடம் போட்டியில் எனக்கு மூன்றாம் இடம். அதைவிட, அவள் மதகடிவரை மூச்சு வாங்காமல் நடந்து வந்ததுதான் எனக்குப் பெருமை.

பிறகு அவளுக்கு இதயம் பழுதானது. கால் இரண்டும் வீங்கின. மதகடி தூரமாகிப்போனது. நான் கோட்டை இங்கால் கொண்டுவந்தேன். வேப்ப மரம், பிறகு வாசல், பிறகு முற்றம். முற்றத்தில் நாலு எட்டு வைத்தால் மதில் வந்துவிடும். கதவடியில் கதிரையைப் போட்டு அவளை இருத்திவிட்டுக் குனிந்து நிற்பேன். பலகை தூக்கச் சத்தில்லாமல் போனபோது வெறுங்கையால் தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு ஒரு காகம்கூட எழும்பாது. எனக்குக் கேட்டது, அது போதும்.

ஒரு காலை, நான் குனிந்து நிற்கும்போது, "ஆயத்தம்" சொல்வதற்குப் பதிலாக ஒன்று கேட்டாள்.

"தள்ளித் தள்ளிப் போன கோடு இப்ப ஏன் கிட்டக் கிட்ட வருது?"

அவளுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருந்தது.

"இஞ்ச தரை நல்லம், புள்ள."

எங்கள் முற்றம் வெறும் குருமணல். கால் ஊன்றினால் புதையும். அவள் அந்த மணலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். பிறகு தட்டினாள்.

அவள் மௌத்தானது ஒரு வியாழக்கிழமை காலை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தோம். அடக்கம் செய்யும் மையவாடிக்கு அந்தக் கிரவல் பாதையால்தான் போக வேண்டும். அவளைக் கிடத்தியிருந்த சந்தூக்கின் முன்பக்கக் காலை நான் தோளில் வாங்கினேன். ஜனாஸாவை விரசாகக் கொண்டுபோக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை மையித்துக்கு நானே முன்னால் நின்று சனத்தை விரட்டியிருப்பேன். அன்று என் கால் மாட்டேன் என்றது. வேப்ப மரம் வருகிறது, அதைத் தாண்டக் கூடாது என்று இருந்தது எனக்கு. அவளை மதகடிவரை நடத்தக் கிழமைக்கணக்கில் பாடுபட்டவன் நான். அந்தத் தூரம் இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே என்று நெஞ்சு வெடித்தது.

பின்னால் இருந்து அவளுடைய தம்பி மெதுவாகச் சொன்னார்: "மச்சான், கொஞ்சம் எட்டி வைங்க. சுணக்கக் கூடாது."

நான் எட்டி வைக்கவில்லை. மதகடியில் யாரோ என் தோளிலிருந்து சந்தூக்கின் காலை வாங்கிக்கொண்டார்கள். சனம் என்னைக் கடந்து விரசாகப் போனது. வயிறு குறையவில்லை என்று கேட்கிறவர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போனார்கள். நான் முன்பு கோடு கீறிய இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஓடினால் பிடித்துவிடுகிற தூரம்தான். தட்டுகிறவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எனக்குக் கால் எழும்பவில்லை.