ஆயுத பூஜைப் பெயிண்ட்

சேரப்பணஞ்சேரிக்குக் கார்ச் சக்கரம் தேடிப் போனவர்கள் மூன்று பேர்: நான், அக்கா, அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா. வருவதாகச் சொல்லியிருந்த மெட்ராஸ் டாக்டர் வரவில்லை. போன வாரம் ஒரகடத்தில் டயர் கடை வாசலில் காத்திருந்தபோது பெயிண்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை மூக்கில் ஏறியது. உடனே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றொன்றில் நடந்தது.

மாமாவிடம் ஓர் இங்கிலாந்துக் கார் இருந்தது. கல்யாணம், பிரசவம், சாவு என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் வாடகைக்கு ஓடி ஓய்ந்த கார். டாக்டர் பழைய கார் சேர்ப்பவர். நாலு சக்கரமும் ஸ்டெப்னியும் காரோடு பிறந்த இரும்புச் சக்கரங்களாக இருந்தால் எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பணத்தில்தான் மாமா ஒரு பழைய வேன் வாங்க வேண்டும். தண்டலம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றும் வேலை பேசி வைத்திருந்தார். மாசம் பிறக்கும்போது வேன் வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டதில் கையில் இருந்தவை மூன்று சக்கரங்கள். மற்ற இரண்டையும் ஒரு கஷ்டகாலத்தில் மாமா சேரப்பணஞ்சேரி குப்புசாமியிடம் தள்ளிவிட்டிருந்தார். குப்புசாமி சூளைக்கு மாட்டுவண்டியில் செங்கல் லோடு அடிப்பவர். எங்கள் பக்கத்தில் செத்த கார்களெல்லாம் அப்போது மாட்டுவண்டியாகத்தான் மறுபடி பிறந்தன.

அவரிடம் இரண்டு டயர் வண்டிகள். நான்கு சக்கரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. காரோடு பிறந்த சக்கரமென்றால் உள்பக்கம் எழுத்துக் குத்தியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் லோடு நிற்கிறது, கழட்டவே கூடாது என்று குப்புசாமி ஒற்றைக்காலில் நின்றார். வீட்டில் முதலில் படித்தவன், ஐடிஐ பிட்டர் என்ற முறையில் நான் முன்னால் போனேன். கைக்குட்டையில் சுற்றிவந்த வெர்னியர் அளவுகோலைப் பிரித்து போல்ட்டுக்குப் போல்ட்டு அளந்தேன். நான்கும் ஒரே அளவு. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று மறுபடி அளந்தேன். மாடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு சக்கரமாகச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

"ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை, வூட்ல மிஞ்சுன பெயிண்ட்டெல்லாம் இவரு இதுக்குத்தான பூசுவாரு. மேல சில்வரு, அடியில பச்ச, அதுக்கும் அடியில ரோஸு. ரோஸு நம்ம கதவுக்கு வாங்குனது. நீ இன்னும் இன்னாடா அளந்துகினு கீற?"

அந்த ரோஸ் கதவுக்காக அம்மா மாமாவோடு ஒரு மாசம் பேசவில்லை. அது வேறு கதை.

ரோஸ் இருந்த இரண்டு சக்கரங்களும் வண்டிக்கு ஒன்று வீதம் மாட்டியிருந்தன. குப்புசாமி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"ஏகாம்பரம், ரெண்டு வண்டிக்கும் ஒவ்வொரு கால ஒடிக்கிறியே. சூளைக்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது? வேற அச்சும் சக்கரமும் கொணாந்து மாட்டு. அன்னிக்குக் கழட்டிக்க."

மிச்சமிருக்கும் இரண்டையும் ஒரே வண்டியில் மாட்டினால் இன்னொரு வண்டிக்கு மட்டும் சக்கரத்தோடு ஓர் அச்சு வாங்கினால் போதும் என்று நான் கணக்குச் சொன்னேன். அந்த ஓர் அச்சுக்காக மாமாவும் நானும் மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் சந்து சந்தாக அலைந்தோம். கிடைத்தது அளவில் பொருந்தவில்லை. பொருந்தியது வளைந்திருந்தது. ஒருவழியாக மாட்டிவிட்டுச் சக்கரங்களைக் கழற்றியபோது உள்ளே எழுத்து இருந்தது. டாக்டர் வந்தார், தடவிப் பார்த்தார், காரை எடுத்துப் போனார். அதற்குள் மாசம் பிறந்து பாதி போயிருந்தது. கம்பெனி வாசலில் வேறொருவர் வேன் நின்றது. மாமா அதற்கே டிரைவராகப் போனார்.

"யாரு வண்டியா இருந்தா இன்னா மச்சான், ஸ்டியரிங்கு ஒண்ணுதான்" என்றார்.

இப்போது சூளை இல்லை. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. குப்புசாமியின் வண்டிகள் எப்போது போயின என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் சக்கரங்களை வெள்ளி மாதிரி தேய்த்து ஒரே நிறமாக அடித்துவிட்டாராம். கார் விற்ற பணம் வேனாகாமல் கடனிலும் சாப்பாட்டிலும் கரைந்தது. அந்த இரண்டு சக்கரத்துக்கு மட்டும் அச்சு, டயர், லாரி வாடகை, குப்புசாமியின் வண்டி நின்ற நாட்களுக்குக் கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.